எல்லாம் என்றால்

அக்கரைப்பற்று ஆலையிலிருந்து
றிஸ்மினா கூப்பிட்டபோது மணி ஆறு ஐம்பது.
கல்லடியில் நான் இன்னும் பல் விளக்கவில்லை.
"ஈரப்பதம் எங்க கா?
பட்டன் இருக்கு, அமத்தினா ஒண்டுமில்ல.
கேட்டடியில பதினேழு லேண்ட்மாஸ்டர் நிக்கிது
நெல்லோட."

என் கணினியில் ஓடுகிறதே என்றேன்.
இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும்
ஏதோ ஒரு காலையில் சொல்லித் தீர வேண்டிய வாக்கியம்.

ஓடத்தான் செய்தது.
ஈரப்பதம் கணக்கிடும் கோப்பு
மூன்று நாளாக என் ஃபோல்டரில் இருந்தது,
பதினான்கு வீதத்துக்கு மேல் போனால்
மூட்டைக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று
எல்லாம் தெரிந்துகொண்டு.
கிட் அதைச் சிவப்பில் எழுதிக் காட்டியுமிருந்தது:
தடமறியாதவை.
நான்தான் கீழே உருட்டிப் பார்க்கவில்லை.

கொமிட் பண்ணும்போது ஹைபன் ஏ போட்டிருந்தேன்.
ஏ என்றால் எல்லாம்.
எல்லாம் என்றால்,
அன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன்,
ஏற்கனவே தெரிந்தவை எல்லாம்.
புதிதாக வந்தது அந்த எல்லாத்தில் இல்லை.
அதை முதலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.
பிறகு பதிய வேண்டும்.

எனக்கு இது தெரியாத சங்கதி என்றில்லை.
நாவற்குடாவில் எங்கள் கதவுக்குப் பின்னால்
ஒரு பட்டியல் தொங்கியது.
ஐந்து பெயர், ஒரு முத்திரை.
வாகரையிலிருந்து சித்தப்பா வந்த இரவு
அவர் பட்டியலில் இல்லை, பாயில் இருந்தார்.
விடிந்ததும் அப்பா சைக்கிளை எடுத்தார்,
கிராம சேவகரிடம் ஒரு தரம்
முகாமுக்கு ஒரு தரம்.
இடையில் நாய் குரைத்தபோதெல்லாம்
நாங்கள் சித்தப்பாவைப் பார்த்தோம்,
குரைத்தது அவர்தான் என்பதுபோல.

ஆலை பதினொரு மணிக்கு ஓடத் தொடங்கியது.
பின்னேரம் நான் நாலு வரி எழுதினேன்.
ஒரே கட்டளை, பெயர் "சேர்".
தட்டினால் பழையதும் புதியதும்
ஒரே மூச்சில் பதிவாகிவிடும்.
டயர் கடைக்கு மேலே எங்கள் அறையில்
எல்லாருக்கும் சந்தோசம்.
லுகேந்திரா மட்டும் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னான்:
"கதவைக் கழட்டிப் போட்டிட்டு
வாசலைப் பெருசாக்கிட்டன் எண்டு சொல்றாய்."

ஒன்பதாம் நாள் அவனே தட்டினான்.
சேர் சேர்த்தது:
நெல் உலர்த்தியின் புதிய கணக்கு,
எண்பத்து நாலு எம்பி கிரிக்கெட் வீடியோ,
தோஹாவில் ஒரு கம்பனிக்கு
அவன் பாதி எழுதி வைத்திருந்த விண்ணப்பம்.
நாங்கள் ஐந்து பேரும் இறக்கி எடுத்த பிறகுதான் கண்டான்.
அழித்தான்.
அழித்ததும் பதிவானது, நேரத்தோடு, அவன் பெயரோடு.
நான் வாசிக்கவில்லை என்று
ஐந்து பேரும் தனித்தனியாகப் போய்ச் சொன்னோம்.
தற்போதைய சம்பளம் என்ற இடத்தை
அவன் நிரப்பாமல் விட்டிருந்தான்.

அந்த வாரம் சேரில் மூன்று வரி கூட்டினேன்.
இப்போது அது புதியவற்றின் பெயரை மட்டும்
ஒவ்வொன்றாகக் காட்டும்.
ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.
ஒரே சொல்தான் இன்னும்.
ஒரு விநாடி கூட.
அந்த விநாடிக்கு லுகேந்திரா ஒன்றும் சொல்லவில்லை,
தோஹாவுக்கும் போகவில்லை,
இரண்டுக்கும் தொடர்பிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

போகம் முடிந்து மழையும் வந்துவிட்டது.
நேற்று இரவு, மின்சாரம் போகுமுன் பதிவோமென்று,
தட்டினேன்.
ஒரேயொரு பெயர் வந்து நின்றது:
புதியது-2.
உள்ளே சைபர் பைட்.
யார் திறந்தது, என்ன எழுத நினைத்துத் திறந்தது,
தெரியாது. நானாகவும் இருக்கலாம்.
இல்லை என்று கொடுத்தேன்.
அழிக்கவும் மனமில்லை.
கிடக்கிறது, ஃபோல்டரின் அடியில்,
சிவப்பாக.